பல்லும் தன் புண்ணை ஆற்றும்

கையிலே கத்தி பட்டுச் சிறு காயம் உண்டானால் நாம் அதனைப் பெரிதாகப் பாராட்டுவதில்லை. கழுவித் துடைத்து ஒரு துணியாற் கட்டி விடுகின்றோம். சில நாட்களில் தோல் கூடி விடுகின்றது. எலும்பு முறிந்தாலும் அப்படியே. முறிந்த முனைகளைப் பொருத்தி அசையாது வைத்திருந்தால் எலும்பு தானே வளர்ந்து ஒன்றாகின்றது. ஆனால் பல்லிலே சூத்தை விழுந்து, அது உள்ளே இருக்கும் நரம்பை எட்டிவிட்டது என்று பல் வைத்தியர் கூறினால், நம்மிற் பெரும்பாலார் சொல்லும் விடை ஒன்றே ஒன்றுதான்: "பிடுங்கி விடுங்கள்."

தோலுக்கும் எலும்புக்கும் நாம் கொடுக்கும் தவணையைப் பல்லுக்குக் கொடுப்பதில்லை. பல்லை உயிரற்ற கல்லாகக் கருதுவதே இதற்குக் காரணம். கல் உடைந்தால் உடைந்ததுதான். அது வளர்ந்து கூடுவதில்லை. ஆயின், பல் கல்லன்று. அதன் நடுவே இரத்தமும் நரம்பும் ஓடும் உயிருள்ள இழையம் ஒன்று குடியிருக்கின்றது. தக்க துணை கிடைக்குமாயின், அவ்விழையம் தனக்கு நேர்ந்த காயத்தைத் தானே ஆற்றிக்கொள்வதோடு, தன்னை மூடிக் காப்பதற்கு ஒரு சுவரையும் எழுப்பிக் கொள்கின்றது. அச்சுவர் எவ்வாறு எழுகின்றது, எப்பொழுது எழாமற் போகின்றது, அதனை அறிவதால் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் விளையும் பயன் யாது என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

கோட்டையும் அரண்மனையும்

பல்லைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் மூன்று பகுதிகள் தெரியும். வெளியே இருப்பது எனாமல் என்னும் வெண்மையான போர்வை. நம் உடலிலுள்ள பொருள்கள் யாவற்றினும் கடினமானது இதுவே. இதன் நிறையில் 100 பங்கிற்கு ஏறக்குறைய 96 பங்கு கனிப்பொருளாகும். இதனை ஆக்கிய கலங்கள் பல் முளைக்கும்போதே மறைந்து விடுகின்றன. ஆதலின் ஒருமுறை அழிந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை.

எனாமலுக்கு உள்ளே இருப்பது டென்டின் என்னும் சற்று மஞ்சள் நிறமான பகுதி. பல்லின் பெரும்பாகம் இதுவே. இதன் நிறையில் 70 பங்கு கனிப்பொருள். எஞ்சியது நாரும் நீரும். பார்வைக்குத் திண்ணியதாகத் தோன்றினும் டென்டின் உண்மையில் எண்ணிறந்த நுண்குழாய்களின் தொகுதியாகும். பல்லின் உட்புறத்தை அடுத்த இடத்தில், ஒரு சதுர மில்லிமீற்றர் பரப்பிலே 40,000க்கு மேற்பட்ட குழாய்வாய்கள் காணப்படுகின்றன. குளிர்ந்த நீர் பட்டவுடன் சூத்தைப் பல் கூசுவதற்கு இக்குழாய்களுள் இருக்கும் திரவம் அசைவதே காரணம் என்பர்.

எல்லாவற்றிற்கும் உள்ளே, கோட்டைக்குள் அமைந்த அரண்மனை போல, பற்கூழ் இருக்கின்றது. நாம் பொதுவாக 'நரம்பு' என்று கூறுவது இதனையே. நரம்பு இதன் ஒரு பகுதி மாத்திரமே. இரத்தக் குழாய்களும், நார்களும், காவற் கலங்களும், பிற கலங்களும் இதில் நிறைந்துள்ளன. வேரின் நுனியிலுள்ள மிகச் சிறிய துவாரத்தின் வழியாகவே இதற்கு இரத்தம் வந்து போகின்றது.

பற்கூழின் வெளி ஓரத்தில், டென்டினை ஒட்டி, ஒரு வரிசைக் கலங்கள் வேலி நாட்டியது போல நெருங்கி நிற்கின்றன. டென்டினைக் கட்டும் கொத்தர்கள் இவையே. ஒவ்வொரு கலமும் தன் வாலை ஒரு நுண்குழாய்க்குள் நீட்டிக்கொண்டு, தான் கட்டும் சுவரிலிருந்து படிப்படியாகப் பின்வாங்குகின்றது. பல் வளர்ந்து முடிந்த பின்னரும் இக்கொத்தர்கள் ஓய்வதில்லை. மிக மெதுவாக, ஆயுள் முழுவதும், உட்புறத்தே டென்டினைப் பூசிக்கொண்டே இருக்கின்றன. இதனாலேயே முதியோரின் பற்களில் கூழ் இருக்கும் அறை ஒடுங்கிக் காணப்படுகின்றது.

வெளியே சூத்தை அரிக்கத் தொடங்கினால் இக்கலங்கள் அதனை உணர்ந்து, அந்த இடத்திற்கு நேர் உள்ளே விரைவாகப் புதுச்சுவர் கட்டுகின்றன. பகைவன் மதிலை இடிக்கும்போது அகத்தே இரண்டாம் மதில் எழுப்புவதை ஒத்தது இது. சூத்தை மெதுவாக முன்னேறினால் கொத்தர்கள் வெல்வர். விரைவாக முன்னேறினால் தோற்பர்.

கூழ் வெளிப்படும்போது

பற்கூழ் வெளியுலகிற்குத் திறபடுவது பெரும்பாலும் மூன்று வகையால் நிகழும். விளையாட்டு மைதானத்தில் விழுந்து முன்பல் முறிவது ஒன்று. சூத்தை ஆழச் சென்று கூழை எட்டுவது மற்றொன்று. நலமான பல்லை வைத்தியர் அராவும்போது கருவி தவறிக் கூழிற் படுவது பிறிதொன்று. முறிந்த பல்லின் நடுவே செந்நிறப் புள்ளி ஒன்று தெரியுமாயின் அதுவே பற்கூழ்.

இதன் பின்னர் இரண்டு முடிவுகளே உண்டு. ஒன்று, கூழ் பிழைத்துக் கொள்ளும். மற்றது, கிருமிகள் புகுந்து கூழ் அழுகி, வேரின் நுனிக்கு அப்பாலும் சீழ் கட்டும். அழுகிய பின்னர் வேரைத் துளைத்துச் சுத்தஞ் செய்து அடைக்கும் வேர்ச் சிகிச்சை செய்தல் வேண்டும். அல்லது பல்லை அகற்றல் வேண்டும். முறையாகச் செய்யப்பெற்ற வேர்ச் சிகிச்சையும் நல்ல சிகிச்சையே. அத்தகைய பற்கள் பல்லாண்டு உழைக்கின்றன. ஆயினும் உயிருள்ள பல்லுக்கு ஒப்பாகாது.

சிறு பிள்ளைகளிடத்து இவ்வேறுபாடு மிகப் பெரியது. நிலைப்பல் ஈறுக்கு வெளியே முளைத்தவுடன் அதன் வேர் முற்றுப்பெற்று விடுவதில்லை. அதற்கு மேலும் 3 ஆண்டுகள் வரை செல்லும். 7 அல்லது 8 வயதில் முளைக்கும் மேல் முன்பல்லின் வேர், 10 வயதளவிலேதான் முடிவடைகின்றது. அதுவரை வேரின் சுவர் மெல்லியதாகவும், நுனி புனல் வாய் போல் அகன்றும் இருக்கும். வேரை வளர்ப்பதும் தடிக்கச் செய்வதும் பற்கூழே. 8 வயதுச் சிறுவனின் முன்பல்லிலே கூழ் இறந்துவிட்டால், அப்பல்லின் வேர் அந்த நிலையிலேயே நின்றுவிடும். மெல்லிய சுவருடைய அப்பல், பின்னாளில் சிறு அடி பட்டாலும் கழுத்தோடு முறியக்கூடும். ஆகவே, அச்சிறுவனின் பற்கூழைக் காப்பது, அவன் பெரியவனாகும்போது முன்பல்லோடு இருப்பானா என்பதைத் தீர்மானிக்கும் காரியமாகும்.

பொற்றகடு முதல் சுண்ணாம்பு வரை

திறந்த கூழை மூடிக் காக்கலாம் என்னும் எண்ணம் புதியதன்று. பிரசிய மன்னராகிய மகா பிரெடரிக்கின் அரண்மனைப் பல் வைத்தியராக விளங்கிய பிலிப் பாவ் என்பவர், 1756 ஆம் ஆண்டிலே தாம் வெளியிட்ட நூலில், வெளிப்பட்ட கூழின்மேற் சிறு பொற்றகட்டை வைத்து மூடும் முறையைக் கூறியுள்ளார். கிருமிகளைப் பற்றி உலகம் அறியாத காலம் அது. ஆகவே அம்முறை வென்ற இடங்களும் உண்டு. தோற்ற இடங்களும் உண்டு. காரணம் எவருக்கும் விளங்கவில்லை.

பின்னர் வந்தவர்கள் பற்பல மருந்துகளைக் கூழின்மேல் வைத்துப் பார்த்தனர். பலன் நிலையாகக் கிடைக்கவில்லை. 1922 ஆம் ஆண்டில் ரெபெல் என்னும் ஜேர்மானியர், வெளிப்பட்ட கூழ் இழந்த உறுப்பே என்று கூறுமளவிற்கு நம்பிக்கை குன்றியிருந்தது.

ஆனால் அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1920 இல், அதே நாட்டினரான ஹேர்மன் என்பவர் பல் வைத்தியத்திலே ஒரு புதுப்பொருளைப் புகுத்தியிருந்தார். கல்சியம் ஐதரொட்சைட்டு என்பது அதன் பெயர். பெயர் புதிதாயினும் பொருள் நமக்குப் பழையதே. வெற்றிலைத் தட்டத்தில் இருக்கும் சுண்ணாம்பு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, இரசாயன முறையிற் கல்சியம் ஐதரொட்சைட்டேயாகும். சுத்திகரித்த இப்பொருளைக் குழைத்துக் கூழின்மேல் வைத்தால், சில வாரங்களின் பின் அதன் கீழே கடினமான ஒரு படை உண்டாவது காணப்பட்டது. 1939 இல் சாண்டர் என்பவர் நுணுக்குக்காட்டியின் துணையால் இம்மாற்றத்தை ஆராய்ந்து எழுதினார். திறந்த வாயின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் செல்வதால் அப்படைக்கு 'டென்டின் பாலம்' என்று பெயரிட்டனர். இழந்த உறுப்பு என்று கைவிடப்பட்ட பற்கூழ், தனக்குத் தானே கதவு செய்து அடைத்துக்கொண்டது!

எலிகள் புகட்டிய பாடம்

சுண்ணாம்பே பாலத்தைக் கட்டுகின்றது என்று பலர் எண்ணினர். 1965 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ககெகாசி, ஸ்ரான்லி, பிற்செரால்ட் என்னும் மூவர் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி அவ்வெண்ணத்தை மாற்றியது.

அவர்கள் இரு கூட்டம் எலிகளை எடுத்துக்கொண்டனர். ஒரு கூட்டம் வழக்கம் போல் வளர்ந்தவை. மற்றக் கூட்டம் பிறந்தது முதல் ஒரு கிருமியும் புகாத கூண்டுகளில், கிருமி நீக்கிய உணவை உண்டு வளர்ந்தவை. இரு கூட்டத்தினதும் கடைவாய்ப் பற்களைத் துளைத்துக் கூழைத் திறந்துவிட்டனர். ஒரு மருந்தும் வைக்கவில்லை, மூடவும் இல்லை. எலிகள் தின்ற உணவு அத்துளைகளில் அடைந்து கிடந்தது.

வழக்கமாக வளர்ந்த எலிகளின் பற்கூழ்கள் அழுகிச் சீழ்ப் பிடித்தன. கிருமியற்ற எலிகளின் கூழ்களோ உயிரோடு இருந்தன. 14 ஆம் நாளளவில் அவற்றிற் பாலம் எழத் தொடங்கிவிட்டது. 21 ஆம், 28 ஆம் நாட்களில் பாலம் முற்றுப்பெற்றிருந்தது. மருந்தில்லை, மூடியில்லை, உணவுத் துணுக்கும் அடைந்திருக்கின்றது. அவ்வாறிருந்தும் புண் ஆறியது.

இதனாற் பெறப்படுவது யாது? கூழைக் கொல்வது காயமன்று. காயத்தின் வழியே புகும் கிருமியே. ஆற்றும் ஆற்றல் மருந்தில் இல்லை, கூழிலேயே இருக்கின்றது. வைத்தியன் செய்ய வேண்டியது கிருமியை வெளியேற்றி, அது மீண்டும் புகாதவாறு வாயிலை அடைத்து, கூழைத் தன் வேலையைச் செய்ய விடுவதே. இன்று வரை இத்துறையின் ஆணிவேராக விளங்குவது இவ்வுண்மைதான்.

புண் ஆறும் முறை

கூழின்மேல் கல்சியம் ஐதரொட்சைட்டு வைக்கப்பட்டவுடன் நடப்பதை வரிசையாகக் காண்போம்.

அப்பொருள் மிகுந்த காரத்தன்மை உடையது. ஆதலால் அது தொட்ட மேற்படையிலுள்ள கலங்கள் உடனே மடிகின்றன. இது தீங்கு போலத் தோன்றினும், மடிந்த அம்மெல்லிய படை, கீழுள்ள உயிர்ப்பகுதிக்கும் மருந்திற்கும் இடையே ஒரு திரையாகின்றது. அக்காரத்தில் பெரும்பாலான கிருமிகளும் வாழ முடிவதில்லை.

அடுத்த சில நாட்களில், திரையின் கீழே சிறு அழற்சி உண்டாகின்றது. காவற் கலங்கள் வந்து, மடிந்தவற்றையும் எஞ்சிய கிருமிகளையும் அகற்றுகின்றன. அழற்சி என்றால் தீமை என்று நாம் நினைக்கின்றோம். சிறிய அளவில் அதுவே ஆறுதலின் முதற்படி. களம் துப்புரவாகாமற் கட்டடம் எழுவதில்லை.

காயம்பட்ட இடத்தில் நின்ற பழைய கொத்தர் கலங்கள் மடிந்துவிட்டன. அவை இரண்டாகப் பிரிந்து பெருக வல்லவை அல்ல. அப்படியாயின் புதுக் கொத்தர்கள் எங்கிருந்து வருகின்றனர்? கூழின் உள்ளே, இரத்தக் குழாய்களை அடுத்து, இன்னும் எத்தொழிலும் ஏற்காத இளங்கலங்கள் காத்திருக்கின்றன. மூலக் கலங்கள் எனப்படும் இவற்றை, 2000 ஆம் ஆண்டில் கிரொந்தோஸ், ஷி முதலியோர் மனிதரின் ஞானப்பற்களிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டினர். அவற்றைச் சுண்டெலிகளின் உடலில் வைத்தபோது, அவை டென்டினை ஒத்த பொருளை ஆக்கின.

காத்திருக்கும் இக்கலங்களை அழைப்பது எது என்பது மேலும் வியப்பானது. பல் முதன்முதல் உருவாகியபோது, கொத்தர்கள் தாம் கட்டிய டென்டின் சுவருக்குள்ளே வளர்ச்சிக் காரணிகள் என்னும் புரதங்களையும் சேர்த்துப் பூசி வைத்தனர். சூத்தையோ மருந்தின் காரமோ அச்சுவரைச் சிறிது கரைக்கும்போது, அப்புரதங்கள் விடுபட்டுக் கூழுக்குள் இறங்குகின்றன. முன்னோர் சுவரிற் புதைத்து வைத்த முதுசொம், வீடு இடியும் வேளையில் வெளிப்பட்டு வழித்தோன்றல்களுக்கு உதவுவது போன்றது இது. அவ்வழைப்பைக் கேட்டு மூலக் கலங்கள் பெருகிக் காயத்தின் விளிம்பை நோக்கி நகர்கின்றன. அங்கே நார்ப் பொருளைச் சுரந்து ஒரு விரிப்பை இடுகின்றன. அவ்விரிப்பில் சுண்ணக் கனிப்பொருள் படிந்து இறுகுகின்றது. முதலில் எழும் படை ஒழுங்கற்றது. அதில் நுண்குழாய்கள் இல்லை. பின்னரே அதன் அடியில் சற்று ஒழுங்கான படை அமைகின்றது. ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் பாலம் உருப்பெற்றுவிடும். அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவே. பாலத்தின் கீழே கூழ் அழற்சி நீங்கி அமைதியாக இருக்குமாயின் புண் ஆறியது எனலாம்.

இங்கே ஒரு கருத்து வேறுபாட்டையும் கூறுதல் வேண்டும். புதிதாக எழும் இப்படை உண்மையான டென்டினா அன்றி வேறா என்பது அறிஞரிடையே வழக்காக உள்ளது. இத்தாலியரான ரிக்கூச்சியும் அவருடைய துணைவரும் 2014 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மனிதப் பற்களிற் காணப்படும் பாலம், தோலிலே புண் ஆறிய இடத்தில் உண்டாகும் தழும்பை ஒத்ததென்றும், மெய்யான டென்டின் அன்று என்றும் கூறினர். தழும்பாயினும் காப்பது காப்பதே. ஆயினும் தழும்பு, தோலைப் போல நிறைவான காப்பாகாது என்பதை நாம் மறக்கலாகாது.

பாலத்தில் ஓட்டை

காலஞ் செல்லச் செல்லச் சுண்ணாம்பின் குறைகளும் புலனாயின. அதன் கீழ் எழுந்த பாலங்களிற் பெரும்பாலானவற்றில் சுரங்கம் போன்ற துவாரங்கள் இருப்பதைக் கொக்ஸ் முதலிய ஆராய்ச்சியாளர் கண்டு, 1996 இல் எடுத்துக்காட்டினர். மேலும், கல்சியம் ஐதரொட்சைட்டு டென்டினோடு ஒட்டுவதில்லை. நாட்செல்லக் கரைந்தும் போகின்றது. மேலே வைத்த அடைப்பிலே சிறு கசிவு உண்டானாலும், கிருமிகள் அச்சுரங்கங்களின் வழியே கூழை மீண்டும் அடைந்துவிடும்.

இதன் விளைவை ஜேர்மனியில் நடந்த ஓர் ஆய்வு காட்டிற்று. சூத்தையால் வெளிப்பட்டுக் கல்சியம் ஐதரொட்சைட்டினால் மூடப்பட்ட 123 பற்களைப் பல்லாண்டுகளின் பின் ஆராய்ந்து, 2000 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். 5 ஆண்டுகள் சென்றவற்றில் நூற்றுக்கு 44.5 பங்கும், 10 ஆண்டுகள் சென்றவற்றில் நூற்றுக்கு 79.7 பங்கும் தோல்வியுற்றிருந்தன. அதே ஆய்வு வேறொன்றையும் வெளிப்படுத்தியது. கூழை மூடிய இரண்டு நாட்களுக்குள் நிரந்தரமான அடைப்பைப் பெற்ற பற்கள் ஏனையவற்றினும் நன்றாகப் பிழைத்திருந்தன. தற்காலிக அடைப்போடு வீடு சென்று, வலி இல்லை என்று மாதக்கணக்கில் திரும்பாதிருப்பவர்கள் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

சீமெந்து வந்த கதை

1993 ஆம் ஆண்டில், கலிபோர்னியாவிலுள்ள லோமா லிண்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொராபினெஜாட்டும் அவர் குழுவினரும் ஒரு புதுப்பொருளை அறிமுகஞ் செய்தனர். எம்.ரீ.ஏ. என்று சுருக்கமாக வழங்கும் அதன் அடிப்படை யாதெனில், நாம் வீடு கட்டப் பயன்படுத்தும் போட்லண்ட் சீமெந்தே! சுத்திகரித்து நுண்ணிதாக அரைத்த அச்சீமெந்தோடு, எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரிவதற்காகப் பிஸ்மத் ஒட்சைட்டைச் சேர்த்தனர்.

சீமெந்தின் சிறப்பு இரண்டு. ஈரம் பட்டால் அது கெடுவதில்லை; ஈரத்தினாலேயே இறுகுகின்றது. வாயும் கூழும் ஈரமான இடங்களாதலின் இது பெரும் பேறு. மேலும், இறுகும்போது அது கல்சியம் ஐதரொட்சைட்டை வெளிவிடுகின்றது. ஆகவே பழைய சுண்ணாம்பின் நன்மையும் கிடைக்கின்றது. கரையாத மூடியும் கிடைக்கின்றது. இதன் கீழ் எழும் பாலம் தடிப்பாகவும் துவாரம் குறைந்தும் இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

அமெரிக்காவின் வடமேற்கில் 35 பல் வைத்திய நிலையங்களிலே 376 பேரை இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வின் முடிவு 2013 இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளில் தோல்வியுறும் வாய்ப்பு, கல்சியம் ஐதரொட்சைட்டு வைத்தவர்களில் நூற்றுக்கு 31.5 ஆகவும், எம்.ரீ.ஏ. வைத்தவர்களில் 19.7 ஆகவும் இருந்தது. போகன் என்னும் பல் வைத்தியரும் அவர் துணைவரும் 2008 இல் வெளியிட்ட வேறோர் ஆய்விலோ, மிகுந்த கவனத்தோடு எம்.ரீ.ஏ. வைத்து மூடப்பட்ட 49 பற்களில் 48 நலமாயிருந்தன. பொருள் ஒன்றே; பலன் வேறு. பல்லைத் தெரிந்தெடுக்கும் முறையும், கிருமி நீக்கும் கவனமும், கையின் பக்குவமுமே இவ்வேறுபாட்டிற்குப் பெரிதும் காரணமாகலாம்.

எம்.ரீ.ஏ.யும் குறையற்றதன்று. இறுகுவதற்கு மணிக்கணக்கிற் செல்லும், விலையும் அதிகம், பிஸ்மத் சேர்ந்த வகை பல்லைச் சாம்பல் நிறமாக்கக்கூடும். இக்குறைகளை நீக்கும் நோக்கோடு, விரைவில் இறுகுவனவும் நிறம் மாற்றாதனவுமாகிய வேறு சீமெந்துகளும் பின்னர் வந்துள்ளன.

இவற்றைப் படித்துவிட்டு எவரும் வெற்றிலைச் சுண்ணாம்பையோ கட்டடச் சீமெந்தையோ பல்லில் வைத்துப் பார்க்க முற்படலாகாது. சுண்ணாம்பு வாயின் மென்தோலைச் சுட்டுவிடும். கிருமி நீக்காத துளையை மூடுவது பகைவனை உள்ளே வைத்துக் கதவடைப்பதாகும்.

எப்பல்லுக்குத் தகும்?

எல்லாப் பற்களும் இச்சிகிச்சைக்கு உரியன அல்ல. குளிர்ந்த நீர் பட்டாற் கூசி, அது நீங்கியவுடன் கூச்சமும் நீங்கும் பல்லிலே கூழ் பெரும்பாலும் தேறக்கூடிய நிலையில் இருக்கும். காரணமின்றித் தானே வலித்து, இரவில் உறக்கத்தைக் கெடுத்து, நெடுநேரம் நீடிக்கும் வலி உள்ள பல்லிலே அழற்சி ஆழச் சென்றிருக்கும். வீக்கமோ சீழோ உண்டானால் கூழ் இறந்திருக்கும். இறந்ததை மூடிப் பயனில்லை.

சிகிச்சையின்போது வைத்தியருக்குக் கிடைக்கும் மற்றோர் அடையாளம் இரத்தம். உமிழ்நீர் படாதவாறு பல்லைச் சுற்றி இறப்பர்த் தாளை மாட்டி, சூத்தையை அகற்றிய பின், கிருமி கொல்லும் திரவத்தில் நனைத்த பஞ்சைக் கூழின்மேல் மெல்ல அழுத்துவர். சில நிமிடங்களில் இரத்தம் நின்றால் கூழ் நலமாயுள்ளது என்று கொள்ளலாம். 10 நிமிடமாகியும் நில்லாதிருப்பின் அழற்சி மேலும் ஆழத்தில் உள்ளது. அப்பொழுது நோயுற்ற மேற்பகுதிக் கூழை அகற்றிவிட்டு, நலமான பகுதியின்மேல் மருந்து வைப்பர்.

பகுதியை அகற்றி எஞ்சியதைக் காக்கலாம் என்பது எவ்வாறு? கூழில் ஓரிடம் வீங்கினால், விரிய இடமின்றி முழுக்கூழும் நெரிந்து இறந்துவிடும் என்றே முன்னர் நம்பினர். பின்னர் அளந்து பார்த்தபோது, அமுக்கம் ஏறுவது வீங்கிய அவ்விடத்தில் மாத்திரமே என்பதும், சற்று அப்பால் கூழ் நலமாகவே இருக்கக்கூடும் என்பதும் தெளிவாயின.

விபத்தில் முறிந்த பற்களில் இதன் பலன் மிகச் சிறப்பானது. சுவீடனைச் சேர்ந்த சுவெக் என்பவர், கூழ் வெளிப்பட முறிந்த 60 முன்பற்களில், மேற்பகுதிக் கூழைச் சிறிதளவே அகற்றிக் கல்சியம் ஐதரொட்சைட்டு வைத்தார். 1978 இல் வெளியிட்ட அவருடைய கணக்கின்படி நூற்றுக்கு 96 பங்கு பற்கள் ஆறின. அவற்றுட் சில, முறிந்து பல நாட்கள் சென்ற பின்னரே சிகிச்சை பெற்றவை. ஆகவே காலம் சிறிது கடந்துவிட்டது என்று நம்பிக்கை இழத்தல் வேண்டா; அதற்காகக் காலந் தாழ்த்தவும் வேண்டா.

சூத்தைப் பற்களில் நிலைமை வேறு. டென்மார்க்கிலும் சுவீடனிலும் நடந்து 2010 இல் வெளிவந்த ஆய்வில், ஆழ்ந்த சூத்தையை அகற்றும்போது கூழ் வெளிப்பட்டு, பழைய முறையில் மூடப்பட்ட முதிர்ந்தோரின் பற்களிலே, ஓராண்டிற்கு மேற்சென்ற பின் நலமாயிருந்தவை நூற்றுக்கு 31.8 பங்கே. ஆகையால், அடிச்சூத்தை முழுவதையும் ஒரே முறையிற் சுரண்டிக் கூழைத் திறந்துவிடாமல், கூழை அடுத்த மெல்லிய படையை விட்டுவைத்து, மேலே இறுக அடைப்பதே நன்று என்னும் கருத்து வலுப்பெற்றது. 2019 இல் ஐரோப்பிய வேர்ச் சிகிச்சைச் சங்கமும் இவ்வழியையே பரிந்துரைத்தது. திறந்த கூழை மூடுவதினும் திறவாமற் காப்பது மேல்.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை

பிள்ளை விழுந்து முன்பல் முறிந்தால், முறிந்த துண்டைத் தேடி எடுத்துப் பாலிலோ நீரிலோ இட்டு, அன்றே பல் வைத்தியரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். அத்துண்டையே மீண்டும் ஒட்ட முடிவதுண்டு. வலி இல்லையே என்று ஆறியிருத்தல் தவறு.

பற்கொதி வந்தால் கராம்பு எண்ணெய் சிறிது நேரம் வலியை மரக்கச் செய்யும், சூத்தையை மாற்றாது. வலி நின்றுவிட்டது என்று மகிழ்வதற்கும் இல்லை. கூழ் இறந்துவிட்டாலும் வலி நின்றுவிடும். குளிருக்குக் கூசும் பருவமே வைத்தியரை நாடத் தக்க பருவம்.

கூழை மூடும் சிகிச்சை பெற்றவர், நிரந்தர அடைப்பைத் தாமதியாது செய்வித்தல் வேண்டும். ஆறு மாதத்திலும் ஓராண்டிலும், அதன் பின்னரும் சென்று, பல்லுக்கு உணர்ச்சி உண்டா என்றும், வேரின் நுனியில் எலும்பு நலமாக உள்ளதா என்றும் எக்ஸ்-கதிர்ப் படத்தாற் பார்ப்பித்தல் வேண்டும். பிள்ளைகளின் பற்களில் வேர் நீண்டு நுனி ஒடுங்கியிருப்பது படத்தில் தெரியும். கூழ் உயிரோடு இருப்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேறில்லை.

பல் வைத்தியர் "பிடுங்கலாமா?" என்று கேட்கும்போது, "உயிருள்ள கூழைக் காக்க வழியுண்டா?" என்று நாம் திருப்பிக் கேட்கலாம். சில வேளைகளில் இல்லை என்றே விடை வரும். அதனையும் ஏற்க வேண்டியதே. ஆனால் அக்கேள்வியை எவரும் கேளாமையாற் பிடுங்கப்படும் பற்களும் உண்டு. அரை மில்லிமீற்றர்ச் சுவரைக் கட்டி முடிக்கப் பற்கூழ் நம்மிடம் வேண்டுவது கிருமியற்ற ஓர் இடமும் சில வாரத் தவணையுமே. அவ்வளவையும் கொடுத்துப் பார்த்த பின்னரே குறட்டைத் தேடுவோமாக.